ஹண்டரின் இறக்கை

சத்துவாச்சாரி, 14.6.2023, புதன்கிழமை.

மாதிரிப் போர் விமானங்கள் செய்வதற்காக நான் சேர்த்த புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட வேண்டும் என்று மகன் சுரேஷ் இன்று காலை மீண்டும் ஆரம்பித்தான். ஏப்ரல் 9, ஞாயிறன்றும் இதையேதான் சொன்னான். அலமாரி நிற்கும் இடத்தில் அவனுடைய அலுவலக மேசை வர வேண்டுமாம். இம்முறை கையில் ஒரு டேப்லெட்டோடு வந்திருந்தான்.

"அத்தனை புக்கும் இதுல ஏத்திட்டேன்பா. இன்னும் இன்னா வேணும் உனக்கு?"

நான் இப்போது செய்துகொண்டிருக்கும் ஹண்டர் விமானத்தின் வரைபடத்தைத் திறக்கச் சொன்னேன். புத்தகத்தில் அது என் மாதிரியின் அதே அளவில் அச்சாகியிருக்கிறது. நான் செதுக்கிய இறக்கையை அதன்மேல் வைத்தால் எங்கே இன்னும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். திரையின்மேல் இறக்கையை வைத்து விரல்களால் அழுத்திப் பிடித்தேன். படத்திலிருந்த விமானம் பூதாகரமாக வீங்கியது. மறுபடி வைத்தேன். பக்கமே புரண்டது.

"நீயே வச்சுக் காட்டுடா."

வைத்தான். படம் நழுவி ஓடியது. சமையலறையிலிருந்து மருமகள் சிரித்தாள். "மாமா ஜெயிச்சிட்டாரு. மேசைய ஹால்லயே போட்டுக்கங்க."

"ரொம்ப பேஜார் பண்றப்பா" என்று முனகிக்கொண்டே போனான்.

பண்ணுவேன். அலமாரி ஓர் அங்குலம்கூட நகராது. டேப்லெட்டையும் நான் திருப்பித் தரவில்லை. புத்தகம் தானாக மூடிக்கொள்ளாதபடி வரைபடப் பக்கத்தின் ஓரத்தில் வைத்திருக்கிறேன். அதற்கேற்ற கனம்தான்.