பச்சைப் பெயின்ற்

1981 ஒக்ரோபர், புதன் இரவு

வட்டக்கச்சிச் சின்னையா அண்ணரின் நெல் லொறி இன்று என் கராச்சில் ஸ்டார்ட் ஆகவில்லை. திறப்பைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும். ஸ்டார்ட்டர் மோட்டர் போய்விட்டது என்று அடித்துச் சொன்னேன். காலை முழுவதும் லொறிக்குக் கீழே கிடந்து அதைக் கழற்றினேன். வெளியே வைத்துக் கரண்ட் கொடுத்தால் அருமையாகச் சுற்றுகிறது. திரும்பப் பூட்டினால் அதே ‘டிக்’.

அண்ணர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எதிரே புதிதாகக் கராச் போட்டிருக்கும் செல்வத்தைக் கூப்பிட்டார்.

“தம்பி, ஒருக்கா வந்து பாரும்.”

மலைநாட்டிலிருந்து வந்தவன். தோட்டத்து லொறி திருத்தியவனுக்கு இங்கே என்ன தெரியும் என்று நினைத்தேன். அவன் எதையும் கழற்றவில்லை. பற்றரியிலிருந்து எஞ்சினுக்கு ஒரு தடித்த வயரைப் பிடித்தான். அண்ணர் திறப்பைத் திருப்ப, லொறி உறுமியது. ஆயுத பூசைக்கென்று லொறிக்குப் பெயின்ற் அடித்தவர்கள், பற்றரியின் எர்த் வயரை லொறியின் இரும்பில் பூட்டும் இடத்தையும் சேர்த்து அடித்திருக்கிறார்கள்; பெயின்ற் இருந்தால் கரண்ட் ஓடாது. அந்தப் பச்சையைச் சுரண்டிவிட்டு வயரைப் பூட்டினான். அவ்வளவுதான்.

“நல்ல கைராசி உமக்கு” என்று அண்ணர் முதல் தேத்தண்ணியை அவனிடம் நீட்டினார். என் கராச்சில், என் மனைவி ஊற்றிய தேத்தண்ணி!

போகும்போது செல்வம் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்.

“பெயிண்டுக்கு அடியில இருந்தா யாருக்கும் தெரியாதுண்ணே. நானும் ஒரு தடவ இப்படி ஏமாந்திருக்கேன்.”

கேலி செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.