‘சீக்கிரம்’ சாரத்தில் தொங்கிய கதை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. கை கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க, நான் இங்கே சுகம். நீயும் அப்பாவும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே. எங்கள் கட்டட வேலை சூப்பர்வைசருக்கு நம் பாஷையில் ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும் என்று போனில் சொன்னேனே, ‘சீக்கிரம்’. காலையில் எங்களைப் பார்த்ததும் அதுதான், சாப்பிட உட்கார்ந்தாலும் அதுதான், மனிதர் தும்மினால்கூட அதுதான் வரும் போல. நாங்கள் அவருக்கு அதையே பேராக வைத்துவிட்டோம். ஆனால் போன மாதம் அந்த அவசரத்தில்தான் தச்சு வேலைக்காரர் ஏணியிலிருந்து விழுந்து குதிகாலை உடைத்துக்கொண்டார், மறுநாளே அவர் இடத்தில் வேறு ஆள். அதிலிருந்து மேலே ஏறும்போதெல்லாம் ஒவ்வொரு பலகையையும் தொட்டுப் பார்த்துத்தான் கால் வைப்பேன்.

நேற்று நானும் என்னோடு சுவருக்கு வெள்ளைப் பட்டி மாவு பூசுகிற நெட்டை அக்காவும் மூன்றாவது மாடி வெளிச்சுவருக்குப் போனோம். சாரத்தில் ஒரு பலகையைக் கட்டவே இல்லை, தொட்டாலே ஆடுகிறது. கட்டினால்தான் ஏறுவோம் என்று சைகையில் சொன்னோம். அவர் ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று குதித்தார். எங்களையும் மாற்றிவிடுவாரோ என்று உள்ளுக்குள் உதறல், ஆனாலும் அக்கா என் முழங்கையை விடவில்லை. அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்து, எப்படிப் போவதென்று பார் என்பது போல, பட்டி வாளியைத் தூக்கிக்கொண்டு அவரே ஜன்னல் வழியாகச் சாரத்தில் இறங்கி விறுவிறுவென்று நடந்தார். பலகை புரண்டது. பாதிப் பட்டி அவர் தலையில், வாளி கீழே, மனிதர் சாரத்துக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெள்ளைவெளேரென்று தொங்குகிறார். என்ன கத்தினார் தெரியுமா? ‘சீக்கிரம்! சீக்கிரம்!’ நாங்கள் ஜன்னலிலிருந்து எட்டி, நான் பெல்ட்டையும் அக்கா காலரையும் பிடித்தோம். அவர் துள்ளின துள்ளலில் எங்களையும் சேர்த்து இழுத்துப் போட்டிருப்பார். “ஆடாதீங்க சார், மெதுவா வாங்க!” என்று அதட்டினேன், சின்ன வயதில் நீ குளிக்க வராமல் ஓடும்போது அதட்டுவேனே, அதே குரல். புரிந்ததோ என்னவோ, அடங்கினார். உள்ளே இழுத்துப் போட்டதும் அக்காதான் முதலில் சிரித்தாள், அப்புறம் நான், கடைசியில் அவரே மூச்சு முட்டச் சிரித்தார். பிறகுதான் கீழே எட்டிப் பார்த்தேன். வாளி விழுந்த இடத்தில் தூணுக்கு நிறுத்தின கம்பிகள் ஈட்டி மாதிரி நிற்கின்றன. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம்வரை யாரையும் ஏற்றவில்லை. எல்லாப் பலகையையும் கட்டவைத்து, கைப்பிடியும் போடவைத்து, ஒவ்வொன்றையும் அவரே உதைத்துப் பார்த்தார். இது எத்தனை நாளைக்கோ, அவருக்கு மேலேயும் ஒருத்தர் விரட்டுகிறாரே. அதனால் என்னோடு அறையில் தங்கியிருக்கிற பெண்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டோம், கட்டாத பலகை என்று ஒருத்தி நின்றால் எல்லோரும் நிற்பது. அப்பாவிடம் கம்பி விஷயத்தைக் கொஞ்சம் மெல்லச் சொல். நீயும் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் நின்றுகொண்டே விழுங்காதே, உட்கார்ந்து சாப்பிடு. மகராசியாக இரு, நோய்நொடி அண்டாமல் இரு. இங்கே வந்த நாளிலிருந்து தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவள் நேற்றுத்தான் ஒருத்தரை அதட்டினேன், தொண்டை இன்னும் கரகரவென்று இருக்கிறது, என்ன சுகமாக இருக்கிறது போ!

முத்தங்களுடன்,
உன் அம்மா