எள்ளைவிடச் சிறிய பல்

பெங்களூர்
4.8.2000

ஸ்வர்ணாவுக்கு,

உன் நலம் விசாரிக்கவே கூச்சமாக இருக்கிறது.

அந்தப் பல்லை நீ தொலைக்கவில்லை. டைனோசர் காலத்து மூஞ்சூறு அளவுப் பிராணியின் பல், எள்ளைவிடச் சிறியது. ஆறு மாதம் மண் சலித்து நீ கண்டெடுத்தாய். இதுவரை யாரும் அறியாத பேரினம் என்று பேராசிரியர் உன்னைக் கொண்டாடினார்.

நீ கேன்டீனுக்குப் போயிருந்தபோது ஆசையில் எடுத்துப் பார்த்தேன். இடுக்கியில் நொறுங்கிவிட்டது. தூளைத் துடைத்துவிட்டேன்.

"இவ்ளோ அஜாக்கிரதையா இருந்தா எப்படிம்மா?" என்று அவர் கேட்டபோது நீ என் பக்கம் திரும்பினாய்.

"டப்பால வெச்சதை நீ பாத்தேல்ல?"

"ஞாபகம் இல்ல" என்றேன். அந்த வாரமே ஆய்வை விட்டுப் போய்விட்டாய்.

ஏழு வருடம் கழித்து, நேற்று அவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. உன் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று உன் பக்கத்து மேஜையில் இருந்தவன்