போட்டோ எடுத்தது ஆரு?

மேலகரம், தென்காசி.
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்பு மகள் எப்சிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் இங்கே சுகம். அங்கே நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இந்த இரண்டு வரியும் முறைக்காக எழுதியது. உள்ளதைச் சொல்வதென்றால் எனக்கு உடம்பெல்லாம் கோபமாக இருக்கிறது.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். நான் இரண்டு வார்த்தை கூடச் சொன்னால் நீயும் 'சரிம்மா, சரிம்மா' என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசிவரை வாசித்துத்தான் ஆகவேண்டும். கோவில் விட்டு வந்து, சோற்றை வடித்துவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்குத் தென்காசி போஸ்ட் ஆபீஸில் நானே கொண்டுபோய்ப் போடுவேன். பெர்லின் வந்துசேர எத்தனை நாளாகும் என்று தெரியவில்லை. அதற்குள் ஆறிப்போகிற கோபம் இல்லை இது.

இந்த வருஷம் சாரல் நன்றாக விழுகிறது. துணி காய்ந்து மூன்று நாளாகிறது. மாடி அறைகளில் இப்போது மதுரைக்காரர்கள் இருக்கிறார்கள், நல்ல மாதிரி. அடுப்படி வேலைக்கு வரும் சந்தனமாரிக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. எண்ணெய் காய்ச்சிக் கொடுத்திருக்கிறேன்.

நீ அங்கே போனதிலிருந்து சனிக்கிழமை என்றால் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. வாரமெல்லாம் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் படிப்பு, சனிக்கிழமை ஊர் பார்ப்பது என்று நீயாக வைத்துக்கொண்ட ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நூறாம் நம்பர் மாடி பஸ்ஸில் மேலே ஏறி முன் சீட்டைப் பிடித்தால், மாணவர் பாஸிலேயே பாதி ஊரைப் பார்த்துவிடலாம் என்று சொன்னாய். உச்சியில் நாலு குதிரை நிற்கிற பெரிய வாசல், இடித்ததில் மிச்சம் விட்டு அதன்மேல் படம் வரைந்திருக்கிற நீள மதில், ஆற்றில் போகிற படகு என்று ஒவ்வொரு வாரமும் ஒன்று வரும். நீ போனில் பேசி அனுப்புகிறதை அடுப்படியில் சத்தமாகப் போட்டுவைப்பேன். சந்தனமாரி மாவு கரைத்துக்கொண்டே கேட்பாள். ஒரு நாள் 'பாப்பா இருக்க ஊர்ல சாரல் உண்டுமாக்கா?' என்று கேட்டாள். சாரல் உண்டு, அருவிதான் இல்லை என்றேன். பாவம் என்று உனக்காக உச்சுக் கொட்டினாள்.

அந்த மதில் பக்கத்தில் மழைக்கோட்டுக்குள் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாயே, அந்தப் படத்தை நான் போன் முகப்பில் வைத்திருந்தேன். அப்பாவும் சும்மா இருக்கவில்லை. டீக்கடையில் ஆளாளுக்கு நீட்டி, 'எம்மவ நிக்க எடத்தப் பாருங்க அண்ணாச்சி' என்று காட்டிக்கொண்டு திரிந்தவர்தான்.

இப்போது நடந்ததை நான் சொல்கிறேன், கேள். உனக்கு அப்பா சொன்னது பாதிதான்.

உன்னை மருமகளாக எடுக்கப்போகிற தயாவதி அத்தை தாம்பரத்திலிருந்து, மாப்பிள்ளை ஆல்வினையும் சேர்த்து ஏழு பேராக வேனில் சாரலுக்கு வந்தார். நிச்சயம் முடிந்த சம்பந்தி வீடு குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருந்தால் யார்தான் வராமல் இருப்பார்கள். சீசன்காரர்களுக்கு விடுகிற மாடி அறைகளை ஒழித்துக் கொடுத்தேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை, மனசாரத்தான் செய்தேன். காலையில் எண்ணெய் தேய்த்து மெயின் அருவி, மத்தியானம் மூக்குமுட்டச் சாப்பிட்டுத் தூக்கம், சாயங்காலம் ஐந்தருவி, வரும்போது பை நிறைய நேந்திரங்காய் சிப்ஸ். குளித்துவிட்டு வருகிற பசிக்கு எத்தனை ஈடு இட்லி இறங்கியது என்று சந்தனமாரியைக் கேட்டால் சொல்லுவாள்.

மூன்றாம் நாள் ஈரத் தலையை விரித்துப்போட்டு, மங்குஸ்தானை உரித்து வாயில் போட்டுக்கொண்டே, அத்தை உன் படங்களைப் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்தார். 'எல்லாப் படத்துலயும் தனியாத்தான் நிக்கா' என்றார். நான் கிறுக்கச்சி, பெருமையாக ஆமாம் என்றேன். அடுத்து, 'அப்பம் இந்தப் போட்டோவெல்லாம் எடுத்தது ஆரு?' என்று கேட்டார்.

எவனோ ஒருத்தன் உன் கூடவே வருகிறான், அவனைப் பார்த்துத்தான் நீ சிரிக்கிறாய், அதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. போதாததற்கு, ஆற்றங்கரைப் படத்தில் மணி ஒன்பது போட்டிருக்கிறது, ராத்திரி ஒன்பது மணிக்கு அங்கே என்ன சோலி என்றார். அந்தப் படத்தில் வெயில் அடிக்கிறது, எப்சி. உன் மூக்குமேலேயே வெயில் விழுகிறது. அங்கே கோடையில் அந்நேரம்வரை பொழுது சாயாது என்று நான் எடுத்துச் சொன்னேன். 'இருக்கும், இருக்கும்' என்று ராகம் போட்டார்.

நான் காபி கலக்க உள்ளே போனேன். அந்த நேரத்தில் அப்பா கொல்லைப் பக்கம் போய் உன்னைப் போனில் கூப்பிட்டு எல்லாப் படத்தையும் அழிக்கச் சொல்லியிருக்கிறார். நான் டம்ளரை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் அத்தை போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். 'மன்னிச்சிருங்க அத்தை. இனிமே எங்கயும் போக மாட்டேன்' என்று நீ அனுப்பியிருந்தாய். கூடவே கூப்பிய கை வேறு இரண்டு.

இத்தனை கோபமும் யார்மேல் என்று இப்போது சொல்கிறேன். அத்தைமேல் கொஞ்சம். அப்பாமேல் அதைவிடக் கொஞ்சம் கூட. மிச்சமெல்லாம் உன்மேல்தான்.

என்ன தப்புச் செய்தாய் என்று மன்னிப்புக் கேட்டாய்? வழியில் போகிறவர்களிடம் போனைக் கொடுத்து ஒரு படம் எடுத்துத் தாருங்கள் என்று கேட்டது தப்பா? ஒரு தடவை சீனாக்காரப் பாட்டி ஒருத்தி உன் தலையை வெட்டி எடுத்துவிட்டாள் என்று நீ சொல்லி நாம் சிரித்தோமே. அதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? எட்டாம் வகுப்பில் காப்பியடித்தாய் என்று கணக்கு டீச்சர் சொன்னபோது, செய்யாததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று வராந்தாவிலேயே நின்றவள் நீ. நான் வந்து கெஞ்சியும் அசையவில்லை. அன்றைக்கு உன்னை அடித்தேன். இன்றைக்கு அந்தப் பிள்ளையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இனிமேல் எங்கேயும் போக மாட்டாளாம். ஜெர்மனிவரைக்கும் போன பிள்ளை எழுதுகிற வார்த்தையா இது?

ஊர் பார்க்க வருகிறவர்களால்தான் நம் வீட்டு அடுப்பு எரிகிறது. நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே நான் அவர்களுக்கு வெந்நீர் போட்டுக் கொடுக்கிறேன். தனியாக வந்த டீச்சரம்மாக்களும் உண்டு, புருஷனோடு சண்டை போட்டுவிட்டு அருவியில் நின்று அழுதுவிட்டுப் போனவளும் உண்டு. வந்தவர்களில் ஒருத்தியையும் நான் ஊர்சுற்றி என்று சொன்னதில்லை. அருவிக்கு முன்னால் நிற்கும்போது மனுஷர் முகம் கொஞ்ச நேரம் நன்றாகிவிடுகிறது. உன் படங்களிலும் எனக்கு அதுதான் தெரிந்தது.

அன்று ராத்திரி நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. அன்று காலையில் மெயின் அருவி முன்னால் அவர்கள் ஏழு பேரும் வரிசையாக நின்ற படத்தை அத்தை குடும்ப குரூப்பில் போட்டிருந்தார். ஏழு பேரும் படத்துக்குள் இருக்கிறார்கள். நானும் அப்பாவும் வீட்டில் இருந்தோம். புரோட்டாவுக்குச் சால்னா ஊற்றிக்கொண்டே, 'மதினி, இந்தப் போட்டோ எடுத்தது ஆரு?' என்று கேட்டேன். வழியில் போன கேரளாக்காரன் ஒருத்தன் என்றார். 'அவன் பேரென்ன மதினி, எத்தன நாளாப் பழக்கம்?' என்றேன். அவருடைய நாத்தனார் ஒருத்திக்குப் புரையேறுகிற அளவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் வினையாகிப்போனது. பழைய அருவி பார்க்கவேண்டும் என்று வந்தவர்கள் அதைப் பார்க்காமலேயே விடிந்ததும் வேன் ஏறிவிட்டார்கள்.

கிளம்பும்போது ஆல்வினைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் தம்பி என்று கேட்டேன். 'அம்மா சொன்னா பொதுவா சரியாத்தான் இருக்கும் ஆன்ட்டி' என்றார். முகத்தில் கள்ளம் இல்லை, கெட்ட பையன் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கட்டிக்கொள்ளப் போகிறவளைப் பற்றி அவருக்கென்று ஒரு வார்த்தை இல்லாமல் போனதே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

போன வியாழக்கிழமை செல்லப்பா மாமா தூது வந்தார். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் அவர்தானே. நான் பேசியதை அவர்கள் மறந்துவிடுகிறார்களாம். பதிலுக்கு நீ லீவு நாளில் வெளியே போகக்கூடாது, தினமும் சாயங்காலம் அத்தைக்கு வீடியோ கால் போட்டு அறையைச் சுற்றிக் காட்டவேண்டும், அவ்வளவுதானாம். 'ஏளா ரூபி, பொண்ணப் பெத்தவங்க நாம, கொஞ்சம் தணிஞ்சு போவோம்' என்று அப்பா என்னிடம் சொல்லிவிட்டு, மாமாவிடம் சரி என்று தலையாட்டிவிட்டார். நீயும் சரி என்றாயாம். பெற்றவள் ஒருத்தி இருக்கிறாளே என்று உங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

நேற்று நீ காட்டும்போது நான் அப்பாவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். குரூப்பில் எல்லாரும் பார்க்கும்படிதானே போடுகிறாய். அறையைக் காட்டுவது என் பிழைப்பு. இதுதான் கட்டில், இதுதான் பாத்ரூம், ஜன்னல் இந்தப் பக்கம் திறக்கும் என்று நான் வாடகைக்கு வருகிறவர்களிடம் சொல்கிற அதே மாதிரி நீ காட்டினாய். வெளியே நல்ல வெயில் அடித்தது. நீ சிரித்துக்கொண்டுதான் காட்டினாய், ஆனால் அந்தச் சிரிப்பை நான் பெற்ற பிள்ளையிடம் நான் பார்த்ததே இல்லை. மாடிப் படிக்குப் போய் நின்று அழுதேன். இது உனக்குத் தெரியவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாஸ்டர் ஐயாவிடம் பேர் கொடுத்து, டிசம்பர் கல்யாணத்தைச் சபைக்கு அறிவித்து ஓலை வாசிக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்று அப்பா நிற்கிறார். அதற்கு உன் ஞானஸ்நான சர்டிபிகேட் வேண்டும். அது என் பீரோவில் இருக்கிறது, சாவி என் இடுப்பில் இருக்கிறது. இரண்டு நாளாக அப்பா கேட்டுப் பார்த்தார், சத்தம் போட்டார், இன்றைக்குக் காலையில் சாப்பிடாமல் கோவிலுக்கு வந்தார். நான் கொடுக்கவில்லை. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அவருக்குப் பயம். கெட்டவர் இல்லை, பயந்தவர். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. நிச்சயம் முறிந்த பெண் என்று உன்னைச் சொல்லிவிடுவார்களே என்று நானும் நினைக்கத்தான் செய்கிறேன். பீரோவைப் பூட்டிவைத்துவிட்டு நானும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.

ஆல்வினைக் கட்டாதே என்று நான் சொல்லவில்லை. உனக்குப் பிடித்திருந்தால் கட்டிக்கொள், பந்தியில் நானே நின்று பரிமாறுவேன். ஆனால் பிடித்திருக்கிறது என்று என்னிடம் நீ உன் வாயால் சொல்லவேண்டும். 'சரிம்மா' என்று சொல்லக்கூடாது. அப்பாவுக்காக, மாமாவுக்காக, அத்தை கோபிப்பார் என்பதற்காக என்றால் இந்தச் சர்டிபிகேட் பீரோவிலேயே கிடக்கட்டும். ஊர்ப் பேச்சுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு வாய் இருக்கிறது, அது உனக்கே தெரியும்.

ஆல்வினிடமும் நீயே பேசு. அம்மாவை விட்டுவிட்டு உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேள். அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட, சொல்வதற்கு எத்தனை நாள் எடுக்கிறார் என்று பார்.

கறிவேப்பிலைப் பொடியும் எள்ளுப்பொடியும் பார்சலில் தனியாக அனுப்புகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. கழுத்தெலும்பு தெரிகிறது, அதையும் நேற்றுத்தான் பார்த்தேன். வீடியோவில் அறையைக் காட்டுவதை இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே நிறுத்து. யாராவது ஏன் என்று கேட்டால் அம்மா நிறுத்தச் சொன்னாள் என்று சொல். பழி என்மேல் கிடக்கட்டும்.

நீ போகிற இடமெல்லாம் ஆண்டவர் உன் கூடவே வரும்படி ராத்திரியும் காலையும் ஜெபிக்கிறேன். நீ எங்கேயும் போகாமல் நாலு சுவருக்குள் உட்கார்ந்திருந்தால் அவரும் உன்னோடு அங்கேயேதான் உட்கார்ந்திருக்கவேண்டும். அவரையாவது வெளியே கூட்டிக்கொண்டு போ மகளே.

உன் மேல் தீராத கோபத்தோடும் அன்போடும்,
அம்மா
ரூபி அய்யாத்துரை