கொக்கு இல்லாத இடது பக்கம்

ஊர் பார்க்க வந்தவர்களிடம் நீ பொய் சொன்னாய். இன்று காலை நான் உன் வேனை ஓட்டிக்கொண்டு தொழிற்பேட்டையைக் கடந்தபோது ஜன்னல் வழியே இரும்புப் புகை நாற்றம் அடித்தது. உன் பொய்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

வாரத்தில் ஆறு நாள் உருக்கு மில்லில் என்னோடு வேலைக்கு நின்றாய். ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் சென்னைக்காரர்களை ஏற்றிப் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போனாய். ஏரி, பூநாரை, டச்சுக்காரர்களின் கல்லறை என்று காட்டினாய். அவர்களுக்கு நம் மாவட்டம் திருப்பதி போகிற ரோடு, அவ்வளவுதான். இறங்கிப் பாருங்கள் என்று கூப்பிட்டவன் நீ.

மில் கசடைக் கொட்டிய கருமேடு வலப்பக்கம் வரும். சரியாக அங்கே கத்துவாய்.

"சார், அல்லாரும் லெப்ட்ல பாருங்க, கொக்கு!"

"எங்கடா கொக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பறந்து போச்சி. பேஜார் பண்ணாத மச்சான். பாவம்னு பாத்துட்டுப் போறவன் திரும்ப வரமாட்டான். ஷோக்கா கீதுன்னு பாத்தாதான் வருவான்."

உன் நுரையீரல் முழுக்க மில்லின் இரும்புத் தூசிதான் என்று பிறகு டாக்டர் சொன்னார். நாற்பதுகூட ஆகாமல் போய்விட்டாய்.

இன்று வேனில் ஒரு அம்மா கேட்டார்: "தம்பி, அது என்ன மலை?"

என்னால் கொக்கு காட்ட முடியவில்லை. "மலை இல்லம்மா, இரும்புக் கசடு. இந்த வேன ஓட்டிக்கினு இருந்தவன் இதத் தின்னுதான் செத்தான்."

ஏரியில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. ஒருவரும் படம் எடுக்கவில்லை. சாப்பிடாமலே திரும்பச் சொல்லிவிட்டார்கள். உன் மனைவி அவர்களுக்காக ஆக்கிய இறால் சோறு அப்படியே அவளிடம் வந்தது.

"இன்னாண்ணா, உப்பு ஜாஸ்தியா?"

நடந்ததைச் சொன்னேன். கேரியரை மூடினாள்.

"அவரு வாய மூடிக்கினு இருந்தது எனக்காகண்ணா. வண்டி ஓடலன்னா நாளைக்கு நானும் அதே மில்லு கேட்லதான் வேலைக்கு நிக்கணும்."

அடுத்த ஞாயிறு இன்னொரு கூட்டம் வருகிறது. நான் உண்மையைச் சொன்னால் அவளும் அந்தத் தூசிக்குள் போவாள். மறைத்தால், அதற்குள்ளேயே நின்றுகொண்டிருக்கிற நாங்கள் யாருக்கும் தெரியாமல் ஒவ்வொருவராகப் போவோம். உன் வண்டிச் சாவியோடு இதையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய்.

அந்த மேடு வரும்போது நான் என்ன சொல்ல வேண்டும்? எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தாயே. இதற்கும் சொல்லு.

சொல்லுடா.