காரத்தில் கரைந்த கண்கள்

மோர்டன், இலண்டன்
மாசி 9, ஞாயிறு

அன்புள்ள ஹம்சா,

இந்த உறையைக் கிழித்தெறியாமல் பிரித்தாய் என்றால் அதுவே எனக்குப் போதும். புதன்கிழமை நீ தொலைபேசியைப் பாதியில் வைத்த பிறகு பதினொரு தடவை உனக்கு எடுத்துப் பார்த்தேன். வாட்ஸ்அப்பிலும் பதில் இல்லை. அதனால்தான் எழுதி, நாளை ஊருக்கு வரும் தவநாயகி அக்காவின் கையில் தந்துவிடுகிறேன்.

இங்கே நாங்கள் சுகம். குகதாசனுக்கு ஹீத்ரோவில் விடியற்காலை ஷிப்ட். என் மனுசனைக் காண்பதே இரவுச் சாப்பாட்டில்தான். குளிர் இன்னும் விடவில்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். அன்று நீ சொல்ல விடவில்லை.

போன மாதம், நாம் கட்டுரை எழுதிய குகை வண்டின் குடம்பியோடு ஒப்பிட்டு வரைவதற்காக, விம்பிள்டன் கொமன் பொதுவெளியில் விழுந்து கிடந்த ஒரு மரத்தின் அடியிலிருந்து சாதாரண வண்டுக் குடம்பி, இன்னும் வண்டாகாத புழு ஒன்றை எடுத்தேன். தலையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு கண்கள், கறுப்புப் பொட்டுகள்போல. நம்முடையதற்குச் செய்ததையே இதற்கும் செய்தேன். தசை கரைவதற்குச் சூடான பொட்டாசுக் காரத்தில் நாற்பது நிமிடம். எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தால் பொட்டுகளைக் காணவில்லை. கண்வில்லைகளின் மெல்லிய வட்டங்கள் மட்டும் இருந்தன. கருமையைக் காரம் தின்றுவிட்டது. கண் உள்ளதையே குருடாகக் காட்டுகிற முறையை நம்பித்தான் நாம் ‘கண்ணற்ற குடம்பி’ என்று கட்டுரைக்குத் தலைப்பு வைத்தோம்.

இருபது நிமிடம் போதும் என்றுதான் செய்முறைக் கையேட்டில் இருக்கிறது. படம் துலக்கமாக வரவேண்டும் என்ற ஆசையில் நான்தான் அதை இரட்டித்தேன். இதை உனக்கு இதுவரை சொல்லவில்லை.

சப்பிரகமுவக் குகைக்குள் நீ தவழ்ந்து போய் எடுத்த இரண்டு குடம்பிகளில் மற்றது அற்ககோல் குப்பியில் முழுதாக இருந்தது. திரும்பி வரும் வழியில் வழுக்கி விழுந்து கால் முறிந்தபோதும் நீ கைவிடாத குப்பி அது. தொடவே பயந்தேன். காரம் காட்டாமல் கிளிசரினில் மட்டும் இட்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். உணர்கொம்பின் அடிக்குப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாக, மங்கிய மண்ணிறப் புள்ளி. அதன் மேல் வில்லை இல்லை. அதனால்தான் காரத்தில் இட்ட முதலாவதில் ஒரு தடயமும் மிஞ்சவில்லை. தூசியோ என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தூசி ஒட்டாது, ஹம்சா.

மற்றவை எல்லாம் சரி. அந்த நீண்ட கால்கள், தாடையின் உட்பல், உணர்கொம்பின் நுனிக் குமிழ், எதிலும் பிழை இல்லை. புதிய இனம் என்பதும் நிற்கும். தலைப்பில் உள்ள அந்த ஒரு சொல் நிற்காது. அந்தச் சொல்லுக்காகத்தான் எல்லோரும் நம்மைத் திரும்பிப் பார்த்தார்கள் என்பது எனக்கும் தெரியும்.

“ஆர் பாக்கப்போகினம், றொசாந்தி? உலகத்திலை ரெண்டுதான் இருக்கு, ரெண்டும் உன்ரை மேசையிலை” என்று புதன்கிழமை கேட்டாய். இப்போது சொல்கிறேன்: நான் பார்த்துவிட்டேன்.

குகதாசன் உன் பக்கம். “அந்தப் பிள்ளையின்ரை இன்டர்வியூ முடியட்டும், ரெண்டு கிழமைதானே” என்கிறார். ஏலாது என்று சொல்லிவிட்டேன். விரிவுரையாளர் பதவிக்கு உன்னைத் தெரிவு செய்த பிறகு இது வெளியே வந்தால், இருவரும் தெரிந்துகொண்டே மறைத்தோம் என்றுதான் பேசுவார்கள். அதன் பிறகு உனக்காக வாய் திறக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

திருத்தக் குறிப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை சஞ்சிகைக்கு அனுப்புவேன். காரத்தில் இட்டதும் நேரத்தைக் கூட்டியதும் நான், சேகரிப்பில் எந்தக் குறையும் இல்லை என்று முதல் பந்தியிலேயே எழுதியிருக்கிறேன். ஆனியில் என் வேலை ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கும்போது இதையும் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நீயும் கையெழுத்திட்டுப் படம் பிடித்து அனுப்பினால் இருவருமாகத் திருத்தியதாக இருக்கும். அனுப்பாவிட்டால் என் பெயரோடு மட்டும் போகும். வெள்ளிக்கிழமை மாறாது.

இருபத்தோராம் திகதி இன்டர்வியூவுக்குப் போ. அவர்கள் கேட்பதற்கு முன் நீயே இதைச் சொல்லிவிடு. குறுக்குக் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும், அந்தக் குகைக்குள் போய் வந்தவள் அந்த அறையில் நீ ஒருத்திதான். என் மேலுள்ள கோபத்தில் வீட்டிலேயே இருந்துவிடாதே. என்னோடு இனிக் கதைக்க மாட்டாய் என்றாலும் சரி, போ. அது ஒன்றைத்தான் உன்னிடம் கேட்கிறேன்.

என்றும் உன்
றொசாந்தி