லீவில் போன பெரிய கிராணிக்கு

என் அருமை மச்சானும், ஆபீசில் எனக்கு மேலானவரும், அகராதிச் சண்டைகளில் என் நிரந்தர எதிர்க்கட்சியுமான ஞானமுத்துவுக்கு,

உமது இப்போதைய விலாசம் தபாலாபீசுக்குத் தெரியவில்லை. ஆகவே இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஊரார் படிப்பார்கள், படிக்கட்டும். நீர் இருந்த காலத்தில் உமக்கு வந்த கடிதங்களையும் இந்த ரப்பர்த் தோட்டத்தில் நாலு பேர் படித்துவிட்டுத்தானே உம்மிடம் கொடுத்தார்கள்?

முதலில் சேதி. தங்கை எஸ்தர் சுகம். ஒன்பதாம் மாதம் நடக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த பொறுமை தீர்ந்துவிட்டது. உம்மிடம் கற்ற பிடிவாதம் அப்படியே இருக்கிறது. ஆயர் தாவார் ரோட்டில் பாலம் மறுபடி உடைந்து, மறுபடி கட்டுகிறார்கள். பெரிய துரை இன்னும் சீமையில் லீவில் இருக்கிறார். ஆபீஸ் ஆஜர் புத்தகத்தின்படி நீரும் லீவில்தான் இருக்கிறீர். அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பதினோரு வருஷ உத்தியோகத்தில் நீர் ஒரு நாள்கூட லீவு எடுத்தவரல்ல. கடைசியில் கேட்ட மூன்று நாளும் லீவு என்ற சொல்லுக்காகவே கேட்டீர். விண்ணப்பத்தில் மட்டும் ‘அவசரமான சொந்த வேலை’ என்று எழுதினீர். கப்பலேறுவதற்கு முன் பெரிய துரை போட்ட கடைசிக் கையெழுத்து அதுதான்.

சண்டையை ஆரம்பித்தவன் நான். இங்கிலீஷில் அனுமதி என்பதற்கும் லீவ், விட்டுப் புறப்படுவதற்கும் லீவ். அனுமதி கிடைத்தால்தானே மனிதன் புறப்படுகிறான்? ஆகவே இரண்டும் ஒரே சொல், ஒரு முனை முதலாளி கையில், மறுமுனை வேலைக்காரன் காலில் என்றேன். நீர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர். துடைத்தால் கோபம் என்று அர்த்தம். இரண்டும் வெவ்வேறு தாய் வயிற்றுப் பிள்ளைகள், முகம் மட்டும் ஒன்றுபோல் இருக்கிறது என்றீர். நம் ஆபீஸ் அகராதியில் ‘எல்’ பக்கங்களைக் கரையான் முடித்துவிட்டிருந்தது. ஈப்போவில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் பல பாகமாக வந்த பெரிய அகராதி இருக்கிறது, புந்தோங்கில் சித்தப்பா வீட்டில் தங்கிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினீர்.

மோட்டாருக்குக் காத்திருந்தபோதும் நீர் வாயை மூடவில்லை. இந்த ஒரு தோட்டத்திலேயே அந்தச் சொல் ஆளுக்கொரு வேஷம் போடுகிறது என்றீர். துரைக்கு லீவு என்றால் எட்டு மாதம், கப்பல், வழியனுப்பு விருந்து. கணக்கெழுதும் கிராணிக்கு மூன்று நாள், விண்ணப்பம் இரண்டு பிரதி. பால்மரம் வெட்டுகிறவனுக்கு அந்தச் சொல்லே இல்லை. அவன் வராத நாளுக்கு ‘ஆப்சென்ட்’ என்று பெயர், ஒரேயடியாகப் போக ஒரு மாத நோட்டீஸ். மரங்கள் மட்டும் யாரையும் கேட்காமல் வருஷா வருஷம் இலை உதிர்க்கின்றன, அந்த இலைகளுக்கும் இங்கிலீஷில் ஏறத்தாழ அதே ஓசை என்றீர். மூன்றாவது தாயையும் தேடப் போகிறீரா என்று கேட்டேன். மோட்டார் வந்துவிட்டது, நீர் ஏறிவிட்டீர்.

மூன்றாம் நாள் உமது கார்டு வந்தது. எறும்பு எழுத்து, ஓரமெல்லாம் எழுதி, முத்திரை மேலும் கொஞ்சம் எழுதியிருந்தீர். ஜெயித்தது நீர். அனுமதி என்னும் லீவ், அன்புக்கும் நம்பிக்கைக்கும் அவர்கள் வைத்திருக்கும் சொற்களோடு ஒரே குடும்பமாம். பிரியமுள்ளவன்தான் போய்வா என்று சொல்வான் போலும்; நம் ஆபீசில் அந்த உறவு எப்போது முறிந்தது என்று அகராதியில் இல்லை என்று எழுதியிருந்தீர். புறப்படுவது என்னும் லீவ் வேறு. அதற்கு ஆதியில் போவது என்று பொருளே இல்லை, மீதி வைப்பது, இருக்க விடுவது என்றுதான் பொருள். செத்தவன் பிள்ளைகளுக்கு விட்டுப்போவதை அதைக் கொண்டுதான் சொன்னார்களாம். உயிர் என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல்லும் அதற்குப் பங்காளியாம். இலைக்கு யாரோடும் உறவில்லை. கடைசி வரியில், நம் முன்னோரும் ‘விடு’ என்ற ஒன்றிலிருந்து விடுப்பும் செய்தார்கள் வீடும் செய்தார்கள், இங்கிலீஷ்காரனை மட்டும் ஏன் குறை சொல்கிறாய் என்று என்னை ஒரு குத்துக் குத்தியிருந்தீர்.

நான் விடுவேனா? மறுப்பு எழுத உட்கார்ந்தேன். இருக்கட்டும் என்று சொன்ன சொல், கிளம்பு என்று சொல்ல எப்படித் துணியும்? அரைப் பக்கம் ஆனபோது தந்தி வந்தது, உமக்குக் கடும் காய்ச்சல் என்று. எஸ்தரை அழைத்துக்கொண்டு புறப்படுவதற்குள் இரண்டாவது தந்தியும் வந்துவிட்டது. உம்மை ஈப்போவிலேயே அடக்கம் செய்தோம்.

திரும்பி வந்த மறுநாள், விடியற்காலை ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்ததும் வழக்கம்போல் ஆஜர் புத்தகத்தைத் திறந்தேன். உம் பேருக்கு நேரே நான் முன்பு எழுதிய ‘லீவு’ இருந்தது. அதற்குக் கீழே என் கை தானாக மேற்படிக்கான இரண்டு சின்னக் கோடுகளைப் போட்டுவிட்டது. இருபது வருஷம் கிராணி வேலை பார்த்தவன் கை அப்படித்தான். மேலே என்ன இருக்கிறதோ அது கீழேயும் இருக்கும். நான் கவனித்தபோது மை காய்ந்திருந்தது.

அடித்து எழுதலாமே என்பீர். முடியாது. ஆஜர் புத்தகத்தில் எந்தத் திருத்தமானாலும் பக்கத்தில் பெரிய கிராணியின் முதலெழுத்து இருக்க வேண்டும் என்று அட்டைக்கு உட்புறம் ஒரு சட்டம் ஒட்டியிருக்கிறது. ஒட்டியவர் நீர். பெரிய கிராணி காலமானார் என்று திருத்தினால், அது சரிதான் என்று பெரிய கிராணி முதலெழுத்துப் போட வேண்டும். மறுநாள் புதிய வரியில் உண்மையை எழுதலாம் என்று பார்த்தால், நேற்று லீவில் இருந்தவர் போன வாரமே செத்தார் என்றாகிவிடும். ஆகவே மறுபடி இரண்டு கோடு. நாலு மாதமாக இரண்டு கோடு. சம்பளமில்லாத லீவு என்றுதான் போட்டேன், அந்த மட்டில் கவலைப்பட வேண்டாம்.

இதில் ஒரு சௌகரியமும் இருந்தது. உமக்கு முன்னிருந்த பெரிய கிராணி இறந்தபோது அவர் சம்சாரம் வீட்டைக் காலி செய்ய ஏழு நாள் கொடுத்தார்கள். ஐந்தாம் நாளே புதியவர் தம் பசுமாட்டைக் கொண்டுவந்து வாசலில் கட்டிவிட்டார். அந்தப் புதியவர் நீர்தான். எஸ்தர் அதை மறக்கவில்லை. ஆறு வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளை வயிற்றில் ஐந்து மாதம். ஏழு நாளில் அவள் எங்கே போவாள்? ஆபீசுக்குப் பின்னால் என் ஒற்றையறையில் நானும் என் பெட்டியும் ஒன்றாகப் படுக்கவே இடமில்லை. பெரிய கிராணி லீவில் இருக்கும்வரை வீடு அவருடையது. வீட்டுக்காகத்தான் எழுதுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பெரிய துரைக்குப் பதிலாக ஒரு சின்ன துரை உம்மை அடக்கம் செய்த அடுத்த வாரம் வந்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத்தில் உள்ளதுதான். தோட்டம் முழுவதும் உண்மை தெரியும், ஒருவரும் சொல்லவில்லை. பெரிய கங்காணி மாரிமுத்து, ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு லயம் போய்ச் சொன்னாராம்: “தொர கேட்டா லீவுன்னு சொல்லுங்க. பொய்யில்ல, பொஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு.”

சின்ன துரை தமிழ்ப் பரீட்சைக்குப் படிக்கிறார். அஃறிணையில் தொடங்கியிருக்கிறார், இன்னும் மனிதர்களை எட்டவில்லை. போன வாரம் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே என்னைக் கேட்டார்.

“ஞானமுத்து எப்போ வரும்?”

“லீவில் இருக்கிறார் துரை.”

“நல்ல லீவு. பெரிய துரை லீவு மாதிரி லீவு.” கொஞ்சம் யோசித்தார். “ஒரு காயிதம் போடு. ஒண்ணாம் தேதி வரணும். வராது, வேற கிராணி வரும். வீடு காலி.”

நான் கிராணி. சொன்னதை டைப் அடித்தேன், துரையிடம் கையெழுத்து வாங்கினேன், புந்தோங் விலாசத்துக்குத் தபாலில் சேர்த்தேன். பிறகுதான் எஸ்தரிடம் போய்ச் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அவருக்கா எழுதுன?”

“ஆமாம்.”

“தபால்லயும் சேத்துட்டியா?”

“ரெஜிஸ்தர் பண்ணினேன்.”

முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு. அது அழுகையாக மாற வெகு நேரம் ஆகவில்லை. ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“அண்ணே, வீட்டுக்காக எழுதுனேன்னு ஊருக்குச் சொல்லு, எங்கிட்டச் சொல்லாத. அவருக்கு அடுத்தாப்ல நீதான. அன்னிக்கே பெரிய கிராணி வேலைய நீ கேட்டிருந்தா இந்த வீடு நம்ம வீடு. நான் எங்கயும் போக வேண்டியதில்ல. ஏன் கேக்கல?”

மச்சான், இது என் புத்தியில் படவே இல்லை என்றால் நம்புவீரா? இரண்டு சொல்லுக்கு இரண்டு தாய் உண்டா என்று மாதக்கணக்காக வாதாடியவனுக்கு இந்தச் சின்னக் கணக்குத் தெரியவில்லை. அவளே பதிலையும் சொன்னாள்.

“வேலைய கேட்டா அவரு செத்துட்டாருன்னு எழுதணும். அது ஒனக்கு முடியல. எனக்கு மட்டும் முடிஞ்சுதா? ஆனா நான் ஒரு வாட்டி சொல்லியாகணும். பிள்ள பொறந்தா கேக்கும்.”

நேற்றுச் சனிக்கிழமை அவளே ஆபீசுக்கு வந்தாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன், வெயிலே இல்லை. சின்ன துரை அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இந்த ஆபீசில் அவர் ஒருவருக்காக எழுந்தது அதுதான் முதல் தடவை.

“தொர, எங்க வீட்டுக்காரரு வர மாட்டாரு. மாசியில ஈப்போவுல காய்ச்சல்ல செத்துப்போனாரு. காயிதம் போட வேண்டாம்.”

சின்ன துரை என்னைப் பார்த்தார். பியூன் கூரையைப் பார்த்தார். எல்லாருக்கும் தெரியுமா என்று துரை கேட்டதற்கு, வாசலில் நின்ற மாரிமுத்து, “தொர கேக்கலையே,” என்றார், ரொம்பப் பணிவாக.

ஏன் லீவு என்று எழுதினாய் என்று துரை என்னைக் கேட்டார். அட்டைக்கு உள்ளே இருக்கும் உம் சட்டத்தைக் காட்டினேன். அதை இரண்டு தரம் படித்தார். வேலை போய்விட்டது, எஸ்தரோடு நானும் வெளியே என்று நினைத்துக்கொண்டேன். துரை புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

“சட்டம் சரி. பெரிய கிராணி எழுதணும். நீ பெரிய கிராணி. திங்கக்கிழமை நீ எழுது.” பிறகு எஸ்தரைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்: “அம்மா வீட்டுல இருக்கட்டும்.” அவர் வாயிலிருந்து பிழையில்லாமல் வந்த முதல் வாக்கியம் அது. பரீட்சையில் தேறிவிடுவார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கோயில் ஆராதனை முடிந்து வந்து, உம் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உம் நாற்காலியில் அல்ல, என்னுடையதை இழுத்துப் போட்டுக்கொண்டேன். என் பெட்டி உம் வீட்டுத் திண்ணையறைக்குப் போய்விட்டது. பிள்ளை பிறந்து தாயும் பிள்ளையும் தேறும்வரை, அதற்குப் பிறகும், அவர்கள் அங்கேதான் இருப்பார்கள். எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அது நாளைக்கு.

ஆனால் ஒருவருடைய விஷயத்தைப் புத்தகத்தில் ஏற்றுவதற்கு முன் அவருக்கு முதலில் தெரிவிப்பதுதான் மரியாதை. நாலு மாதமாக உம்மிடம் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நீர் இறந்துவிட்டீர், மச்சான். நாளைக் காலை பெரட்டு முடிந்ததும் அதை என் கையால் முழுச் சொல்லாக எழுதி, பக்கத்தில் என் முதலெழுத்தைப் போடுவேன். கை பழையபடி இரண்டு கோடு போடாது என்று வாக்குத் தருகிறேன். போடாமல் பார்த்துக்கொள்ள, மை காயும்வரை எஸ்தர் பக்கத்தில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

இன்று ஒரு நாள் மட்டும் உம் சின்னக் கிராணி,
என்றைக்கும் உம் மனைவியின் அண்ணன்,
தேவசகாயம்